ஒன்பது நாள் படகில் ஆபீஸ் போனேன்

நவி மும்பை நெரூலிலிருந்து தென் மும்பை பல்லார்ட் எஸ்டேட்டுக்கு நான் படகில் ஆபீஸ் போனது மொத்தம் ஒன்பது நாள். 2023 பிப்ரவரியில் பேலாப்பூர் ஜெட்டியிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் படகு விட்டார்கள். காலையில் எட்டரைக்கு ஒன்று, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்ப ஒன்று. கீழ்த்தளம் 250 ரூபாய், மேல்தளம் 350. ஏசி, மெத்தை சீட், ஜன்னலுக்கு வெளியே கடல். இருபது வருஷமாக ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் அடுத்தவன் பையில் முகத்தை வைத்துக்கொண்டு போய்வந்த எனக்கு இது வேறு ஜென்மம் மாதிரி இருந்தது. முதல் நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்த என் மனைவி, "ஆபீஸுக்குத்தானே போறீங்க, இல்ல எலிபண்டா தீவைச் சுத்திப் பாக்கவா?" என்று கேட்டாள்.

பத்தாவது நாள் மறுபடியும் லோக்கலில் ஏறிவிட்டேன். படகு மேல் எந்தக் குறையும் இல்லை, கணக்குதான் உதைத்தது. வீட்டிலிருந்து பேலாப்பூர் ஜெட்டிக்கு நேர் பஸ் கிடையாது, ஆட்டோதான். எட்டரைப் படகை விட்டால் அன்றைக்கு வேறு படகே இல்லை என்பதால் எட்டேகாலுக்காவது அங்கே நிற்க வேண்டும், அதற்கு ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கடலில் ஒரு மணி நேரம். கேட்வேயில் இறங்கி, போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று ஆல்பத்தோடு துரத்துகிறவர்களைத் தாண்டி, பல்லார்ட் எஸ்டேட்டுக்கு இருபத்தைந்து நிமிஷ நடை. ஆக இரண்டு மணி நேரத்துக்கு மேல். லோக்கலில் நெரூலிலிருந்து தென் மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அங்கிருந்து பத்து நிமிஷம் நடை. இரண்டாம் வகுப்பு மாத பாஸே படகில் ஒரு நாள் போய்வருகிற காசைவிடக் குறைவு. சாயங்காலம் மேனேஜர் ஆறு மணிக்கு ஒரு பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் சரக்குப் பத்திரம்) தூக்கிக்கொண்டு வந்தால் படகும் போச்சு, திரும்புவதற்கு டிக்கெட் எடுத்திருந்தால் அதுவும் போச்சு.

ஒன்பது நாளும் என் வரிசையில் காலி சீட் இருந்தது. ரயிலில் சீட் காலி என்றால் அன்றைக்கு நமக்கு யோகம். படகில் சீட் காலியாக இருப்பதைப் பார்த்தால், இது எத்தனை நாளைக்கோ என்றுதான் தோன்றியது. அப்படியேதான் ஆனது, ஆள் வராமல் அந்தப் படகு நின்றது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2022 பிப்ரவரியில், வாட்டர் டாக்ஸி என்று பெரிய விளம்பரத்தோடு ஸ்பீட் போட் விட்டிருந்தார்கள். அதில் தலைக்கு 800 முதல் 1,200 ரூபாய். தினமும் அந்தக் காசைக் கொடுக்கக்கூடியவன் வீட்டு வாசலில் காரும் டிரைவரும் நிற்கும்போது அவன் ஏன் ஜெட்டிக்கு வரப்போகிறான்? இதுவும் புதுசு இல்லை. 1990களிலேயே நவி மும்பையிலிருந்து இந்தப் பக்கம் ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் போகும் படகு), கட்டமரான் (இரட்டை உடல் படகு) எல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மான்கூர்ட்–வாஷி ரயில் பாலத்தில் லோக்கல் ஓட ஆரம்பித்தது 1992இல். கடலை வேகமாகக் கடப்பவனுக்கு அன்றைக்கே போட்டி வந்துவிட்டது.

ஆனால் இதே கடலில் இன்னொரு படகு காலங்காலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி விளம்பரமும் கிடையாது, மந்திரி வந்து கொடியசைப்பதும் கிடையாது. பாவுச்சா தக்காவிலிருந்து உரண் பக்கம் மோராவுக்குப் போகும் மர லாஞ்ச். ஃபெர்ரி வார்ஃப் என்று பலகையில் போட்டிருந்தாலும் டாக்ஸிக்காரரிடம் பாவுச்சா தக்கா என்றால்தான் வண்டி நகரும். 'பாவு' என்று ஊரார் கூப்பிட்ட லக்ஷ்மண் அஜிங்க்யா 1841 வாக்கில் கட்டிய துறை அது.

மோரா லாஞ்சில் ஏறுவது ஒரு வித்தை. மும்பையில் பெரிய ஏற்றவற்றம் இருக்கும் நாளில் கடல் மட்டம் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றத்தின்போது போனால் லாஞ்சின் கூரையே உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். பாசி பிடித்த படியில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்க வேண்டும், கடைசிப் படிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், அந்த இடத்தில் ஒரு கலாசி (படகு வேலையாள்) நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, படகு மேலே வரும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, ஒரே இழுப்பு. அவ்வளவுதான், உள்ளே இருப்பீர்கள். மீன் கூடைக்காரம்மாவுக்கும் இதே இழுப்புதான், லேப்டாப் பை மாட்டிய பையனுக்கும் இதே இழுப்புதான். சில நாள் நம் படகு மூன்றாவதாகக் கட்டியிருக்கும், முதல் இரண்டு படகின் மேல் ஏறி நடந்துதான் அதற்குப் போக வேண்டும். டீசல் வாடை, கருவாட்டு வாடை, பலகை பெஞ்ச். மெதுவாக, டுக்கு டுக்கு என்று போகும்.

இதில்தான் எனக்குக் குழப்பம் வந்தது. வேகமாகப் போனது எல்லாம் செத்துப்போனது, மெதுவாகப் போனது எப்படி உயிரோடு இருக்கிறது?

பாவுச்சா தக்கா டீக்கடையில் எனக்கு ஒரு அண்ணாச்சி பழக்கம். உவரிப் பக்கம் ஊர், முப்பது வருஷமாக இங்கே லாஞ்ச் எஞ்சின் வேலை. அவரிடம் என் ஒன்பது நாள் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, தண்ணி என்ன ரோடா? ஒரே போட்டுதான், அத ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டணும்னு வச்சுக்கோ. எஞ்சினுக்கு எட்டு மடங்கு தெம்பு வேணும். பாதி நேரத்துல போய்ச் சேந்துட்டாலும் டீசல் நாலு மடங்கு குடிச்சிரும். அந்தக் காச யார் தருவா, நீ தருவியா?" என்றார். நான் தரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையே. (படகின் வடிவத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும் குறையும். அண்ணாச்சி சொன்னது சாதா லாஞ்சுக்குத் தோராயமாகச் சரி. கட்டமரானில் உடல் இரண்டு மெலிந்த துண்டாக இருப்பதும் ஹைட்ரோஃபாயில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் போவதும் இந்தக் கணக்கை ஏமாற்றத்தான். கொஞ்சம் ஏமாற்றலாம், மொத்தமாக முடியாது.)

அதற்கப்புறம் எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. நான் வேலை பார்ப்பது கப்பல் காகிதம் தயார் செய்யும் ஆபீஸ், ஆனாலும் பயணிகள் கப்பலைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. தேடிப் பார்த்தால் ஊர் ஊராக இதே கதைதான். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸ் கரைக்கும் நடுவில் 1968 முதல் ஹோவர்கிராஃப்ட் ஓடியது. சின்னது இல்லை, எஸ்ஆர்.என்4 என்ற ராட்சதன். கடைசியாகப் பெரிதாக்கிய வடிவத்தில் 418 பேரையும் 60 காரையும் ஏற்றிக்கொண்டு, நாலு டர்பைன் எஞ்சின் அலற, தண்ணீருக்கு மேலே காற்று மெத்தையில் சுமார் 35 நிமிஷத்தில் அக்கரை. பக்கத்திலேயே சாதாரண ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. 1994இல் கடலுக்கடியில் சுரங்க ரயில் வந்தது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போகிறவர்களுக்கு வரியில்லாத சரக்கு விற்பதை நிறுத்தினார்கள். அப்படி விற்ற சாராயமும் சிகரெட்டும் அந்த மாதிரி சேவைகளுக்குப் பெரிய வரும்படி. 2000 அக்டோபர் 1ஆம் தேதி ஹோவர்கிராஃப்ட் கடைசியாக ஓடியது. ஊர்ந்துகொண்டிருந்த ஃபெர்ரி இன்றைக்கும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. லாரியை ஏற்றிக்கொள்கிறது, டிரைவர் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், கொஞ்சம் தூங்குகிறார். 35 நிமிஷத்தில் அதெல்லாம் முடியாது.

அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவில் இதைவிடக் கொடுமை. 1996இல் எச்எஸ்எஸ் என்று ஒரு பூதக் கட்டமரானை விட்டார்கள். 1,500 ஆள், 375 கார், 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வேகம், கேஸ் டர்பைன். அந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிற வேகம் கப்பல் போகிற வேகத்தைவிட அதிகம் என்று சொல்லலாம். எண்ணெய் விலை ஏறியது, வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு கோடையில் மட்டும் என்றார்கள், 2014இல் நிறுத்தினார்கள். வேகத்துக்காகவே பிறந்த கப்பலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்களே, அந்த இடத்தில் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஹாங்காங்–மக்காவ் வழி ஜெட்ஃபாயில் என்ற ஒரு மணி நேர ஹைட்ரோஃபாயிலுக்குப் பேர் போனது, சூதாடப் போகிறவர்கள் கூட்டத்தால் ராப்பகலாக ஓடிய வழி. 2018 அக்டோபரில் 55 கிலோமீட்டர் பாலமும் சுரங்கமும் திறந்தபின் ஜனம் பஸ்ஸுக்கு மாறியது. டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் ஸ்வீடனின் மால்மோவுக்கும் நடுவில் 2000 ஜூலையில் பாலம் திறந்தது, சில வருஷத்தில் அங்கே வேகப் படகும் இல்லை.

"பாலம் வந்தது, படகு போனது" என்று முடித்துவிடுவது சுலபம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கேயும் 2024 ஜனவரி 12ஆம் தேதி அடல் சேது என்ற கடல் பாலம் திறந்தது, சிவ்ரியிலிருந்து அக்கரைக்கு 21.8 கிலோமீட்டர், கார் ஒரு தடவை போக 250 ரூபாய். என் படகின் கீழ்த்தள டிக்கெட்டும் அதே 250தான், ஆனால் அது தலைக்கு, பாலத்தில் காருக்கு. அதே நாளில்தான் உரண் வரைக்கும் லோக்கலும் வந்தது. ஆனால் என் படகு ஓடியபோது பாலம் இன்னும் திறக்கவில்லை. அப்போதே சீட் காலி.

மாண்டுவாவைப் பார்த்தால் விஷயம் புரியும். கேட்வேயிலிருந்து அலிபாக் பக்கம் மாண்டுவாவுக்கு கட்டமரான் பல வருஷமாக நல்ல கூட்டத்தோடு ஓடுகிறது. இது மட்டும் எப்படி? ரோட்டில் போனால் பென், வட்கல் சுற்றிக்கொண்டு 100 கிலோமீட்டர் சொச்சம் என்பது ஒன்று. இன்னொன்றை நான் அலிபாக் போனபோது நேரில்தான் பார்த்தேன். கேட்வேயில் வாங்கும் டிக்கெட்டிலேயே மாண்டுவாவிலிருந்து அலிபாக் வரைக்கும் பஸ்ஸும் சேர்த்தி. படகை விட்டு இறங்கி ஜெட்டியில் நடந்தால் முடிவில் பஸ் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது, ஏறி உட்கார வேண்டியதுதான். வேகப் படகு விட்டவர்களெல்லாம் கடலில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். இவர்கள், இறங்கினவன் எப்படிப் போவான் என்று யோசித்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பாவுச்சா தக்கா–மாண்டுவா ரோரோ வந்ததும் இதே மாதிரிதான். கிரீஸிலிருந்து வாங்கி வந்த கப்பல், ஒரு மணி நேரம் எடுக்கும், வேகம் என்று எதுவும் இல்லை, ஆனால் காரையே ஏற்றிக்கொண்டு போய்விடலாம். கார் கூடவே வந்தால் இறங்கியதும் ஆட்டோ தேட வேண்டாம் இல்லையா.

பேலாப்பூர் ஜெட்டி வாசலில் ஒரு பஸ் நின்றிருந்தால், அரை மணிக்கு ஒரு படகு இருந்திருந்தால் நான் பத்தாவது நாளும் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று நினைக்கிறேன். படகு இன்னும் இருபது நிமிஷம் கூடவே எடுத்திருந்தாலும் போயிருப்பேன்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கினார்கள். பேட்டரிப் படகு, குறைந்தபட்ச டிக்கெட் 20 ரூபாய், மிதக்கும் ஜெட்டி. தண்ணீர் ஏறினால் ஜெட்டியும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும், அதனால் படகின் தளமும் ஜெட்டியும் எப்போதும் ஒரே மட்டம். கலாசியின் கை தேவையில்லை, சக்கர நாற்காலியே உருண்டு உள்ளே போகும். அங்கே யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை, ஜனம் ஏறுகிறது. இப்போது மும்பைக்கும் வாட்டர் மெட்ரோ என்கிறார்கள். ஆனால் கொச்சிக் காயல் வேறு, நம் கடல் வேறு. இங்கே மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. கேட்வே–மாண்டுவா படகை மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை நிறுத்திவிடுவார்கள். வருஷத்தில் மூன்று மாசம் கடையை மூடிவிட்டு, மாலுமிக்குச் சம்பளமும் பேங்குக்குத் தவணையும் கட்டிக்கொண்டு, செப்டம்பரில் திறக்கும்போது பழைய ஆள் திரும்பி வருவான் என்று நம்ப வேண்டும். தினமும் ஆபீஸ் போகிறவன் மூன்று மாசம் ரயிலுக்குப் பழகிவிட்டால் அப்புறம் ஏன் வருகிறான்?

மழைக்காலத்தில் நிறுத்துவதையும் தப்பு சொல்ல முடியாது. 1947 ஜூலை 17ஆம் தேதி, சுதந்திரத்துக்கு ஒரு மாசம்கூட இல்லை, பாவுச்சா தக்காவிலிருந்து அலிபாக் பக்கம் ரேவஸுக்குப் போன 'ராம்தாஸ்' என்ற கப்பல் கவிழ்ந்து 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மழை இல்லாத மாசத்திலும் கடல் கடல்தான். 2024 டிசம்பர் 18ஆம் தேதி எலிபண்டாவுக்குப் போன 'நீல்கமல்' படகின் மேல் கடற்படையின் ஸ்பீட் போட் மோதி 15 பேர் இறந்தார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஆபீஸில் யாரும் ஜன்னல் பக்கம் நின்று துறைமுகத்தைப் பார்த்து ஜோக் அடிக்கவில்லை.

சரி, இதெல்லாம் வீட்டில் சொன்னால் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நாகப்பட்டினம் கப்பல் ஓடுதாடா?"

அப்பாவுக்கு ஊர் நாகப்பட்டினம். 1971இல் தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர், சயான் கோலிவாடாவில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்து, பின்னால் நெரூலுக்கு வந்தவர். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்து ஒரே டிக்கெட்டில் போன போட் மெயில் காலத்தை அவருடைய அப்பா சொல்லி இவர் கேட்டிருக்கிறார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதை இவரே சொல்வார். ஒரே டிக்கெட் என்பதைக் கவனியுங்கள். ரயில் கப்பலுக்காக நின்றது, கப்பல் ரயிலுக்காக நின்றது. மாண்டுவா பஸ்காரர்கள் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கம் காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்ற வேகக் கப்பல் கிளம்பியபோது அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. 150 பேர் போகலாம், 60 கடல் மைல், சுமார் நாலு மணி நேரம். வரியோடு டிக்கெட் 7,670 ரூபாய், முதல் நாள் மட்டும் சலுகை. "ஏழாயிரத்து அறுநூத்து எழுபதா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அக்டோபர் 20ஆம் தேதி வடகிழக்குப் பருவமழையைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள். ஆறே நாள். நானாவது ஒன்பது நாள் போனேன். நாகப்பட்டினத்தில் அக்டோபர் நடுவில் கப்பல் விடுவது என்றால், அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பான், ஐப்பசி மழை அவனுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள், நவம்பரில் மழைக்கு நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி. அப்பா அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் அவருக்கு யாரும் இல்லை, சும்மா போய்ப் பார்க்க வேண்டுமாம், நல்லூர் கோயில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மோரா லாஞ்சில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்யார்ட் ரோடில் இறங்கி டாக்ஸி. வற்றம் தொடங்கியிருந்தது, படியில் அவர் எப்படி இறங்குவார் என்று எனக்குத்தான் பயம். கலாசிப் பையன் மராத்தியில் "பாபா, சாவ்காஷ்" (மெதுவாக) என்றான், முழங்கைக்கு மேலே பிடித்தான், நொடிக்குக் காத்திருந்தான், இழுத்தான். அப்பா உள்ளே நின்றுகொண்டு வேட்டியைச் சரி செய்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பாத்து வா" என்றார்.

மோராவை நெருங்கும்போது லாஞ்ச் நின்றுவிட்டது. அந்த ஜெட்டி சேறு சேர்ந்து சேர்ந்து மேடாகிவிட்டது, தண்ணீர் ரொம்ப இறங்கினால் படகு அண்டாது. முன்னால் போன படகு ஒன்று வெளியே வந்தால்தான் எங்களுக்கு வழி. எதிரே தூரத்தில் கரை தெரிகிறது, அந்தப் பக்கம் அடல் சேது பட்டை பட்டையாகத் தெரிகிறது, அதில் வண்டிகள் போவது சின்னச் சின்ன மினுக்கலாக. யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, நான் மட்டும் போனை எடுத்து உரணிலிருந்து திரும்பும் லோக்கலுக்கு டைம் பார்த்தேன். எதிர் பெஞ்சில் ஒரு அம்மா பையிலிருந்து மொச்சை மாதிரி ஏதோ காயை எடுத்து மடியில் கொட்டி உரிக்க ஆரம்பித்தார். வால் என்று இங்கே சொல்வார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு பிடி எடுத்து அவர் கையில் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து லாஞ்ச் ஜெட்டியில் இடித்து நின்றபோது பாதிக்கு மேல் உரித்து முடித்திருந்தார்கள். அந்த அம்மா தோலைக் கடலில் தட்டிவிட்டு, பையின் வாயை முறுக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் போய்விட்டார்.